வியட்நாம் போக குரூப் டூரா, தனிப் பேக்கேஜா, நாமே திட்டமிடலாமா?

“நாலு பேர், மே மாத விடுமுறை, வியட்நாம். டிராவல்ஸில் தலைக்கு இவ்வளவு என்கிறார்கள். ஆபீசில் ஒருவர், எல்லாவற்றையும் போனிலேயே போட்டுக்கொள்ளலாம், எதற்குத் தண்டமாகக் கொடுக்கிறீர்கள் என்கிறார். மாமியாரோ, தெரியாத ஊர், கூட ஒரு ஆள் வேண்டாமா என்கிறார். எதைக் கேட்பது?”

இந்த ரகக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. அதில் வரும் மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு செலவை மட்டும் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஆபீஸ்காரர் ரூபாயைப் பார்க்கிறார். மாமியார் ஏதாவது கோளாறு வந்தால் யார் நிற்பார்கள் என்று பார்க்கிறார். டிராவல்ஸ்காரர் உங்கள் நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்கிறார். மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் முடிவு பிடிபடும்.

இங்கே வியட்நாமையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நம் ஆட்கள் அதிகம் கேட்கிற நாடு அது. 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை தங்கும் இ-விசா கிடைக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு வியட்ஜெட் நேரடி விமானம் தொடங்கியது. அப்புறம், வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நாடு என்பதால் திட்டத்தில் எங்கே நேரம் வீணாகிறது என்பது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் முழுச் செலவு. விளம்பரத்தில் இருக்கும் தொகையைச் சொல்லவில்லை. வீட்டுப் பூட்டைப் பூட்டியதிலிருந்து திரும்ப வந்து திறக்கும்வரை கையைவிட்டுப் போகும் பணம்.

இரண்டாவது, கிளம்பும் முன் செலவாகும் உழைப்பு. விசா, டிக்கெட், ஓட்டல், ஊருக்குள் போக்குவரத்து என்று ராத்திரி ராத்திரியாக உட்கார வேண்டும். சிலருக்கு அதுவே பாதி சந்தோஷம். சிலருக்குத் தலைவலி. நீங்கள் எந்த ரகம் என்பதை ஒளிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வேகம். காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும், பிடித்த இடத்தில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார முடியுமா என்பது. நான்காவது, சாப்பாடு. சைவக் குடும்பம் என்றால் இதை மூன்றாவது இடத்துக்கே ஏற்றலாம்.

கடைசியாக, கோளாறு வந்தால் யார் பொறுப்பு. 2024 செப்டம்பரில் யாகி புயல் வடக்கு வியட்நாமின் ஹாலாங் வளைகுடாப் பக்கம் அடித்தபோது அங்கே போக டிக்கெட் வைத்திருந்தவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். விலைப் பட்டியல் எதிலும் இதற்கென்று ஒரு வரி இருக்காது. ஆனால் பேக்கேஜுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது.

## குரூப் டூர்

டிராவல்ஸ்காரர்கள் ‘ஃபிக்ஸட் டிபார்ச்சர்’ என்பார்கள். தேதி அவர்களுடையது, பஸ் நிறைய ஆட்கள், கூடவே ஒரு டூர் மேனேஜர். விமானம் முதல் மதியச் சாப்பாடு வரை எல்லாம் ஏற்பாடு.

இதன் பலம் உண்மையான பலம். அப்பா அம்மா, பெரியப்பா பெரியம்மா என்று அறுபதைத் தாண்டியவர்கள் கிளம்புகிறார்கள், கூட இளையவர்கள் யாரும் இல்லை என்றால் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும். பஸ் வாசல்வரை வரும். மாத்திரை தொலைந்தால், வயிறு கெட்டால், கேட்க ஒருவர் இருப்பார். தமிழ் பேசும் டூர் மேனேஜர் வரும் குழு கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், தப்பில்லை.

பலவீனம் எங்கே என்று பார்க்க, பரவலாக விற்கும் ‘5 இரவு 6 நாள்’ திட்டம் ஒன்றைப் பிரித்துப் படிப்போம்.

முதல் நாள் ஹனோய் இறங்குதல், ஓய்வு. இரண்டாம் நாள் ஹாலாங் வளைகுடா. மூன்றாம் நாள் விமானத்தில் டா நாங், மாலை ஹோய் ஆன். நான்காம் நாள் பா நா மலை. ஐந்தாம் நாள் விமானத்தில் ஹோ சி மின் நகர், பிற்பகல் போர்க்காலத்துக் கூ ச்சீ சுரங்கங்கள். ஆறாம் நாள் ஊர் திரும்புதல்.

எல்லா இடமும் வந்துவிட்டது போலத் தெரிகிறது. ஆனால் முதல் நாளும் கடைசி நாளும் விமான நிலையத்திலேயே கரைந்துவிடும். மிச்சம் நான்கு நாள். அதில் இரண்டு நாளில் உள்நாட்டு விமானம். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போச்சு. ஹாலாங்குக்கு ஹனோயிலிருந்து நெடுஞ்சாலையில் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. படகில் இருப்பது அதைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. 1999இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய துறைமுக ஊர் ஹோய் ஆன். அதற்குக் கிடைப்பது ஒரு சாயங்காலம். அங்கே தையற்கடைகள் பிரசித்தம். அளவு கொடுத்து, ஒருமுறை போட்டுப் பார்த்து, திருத்தி வாங்க ஒன்றிரண்டு நாள் வேண்டும். சாயங்காலம் வந்து ராத்திரி பஸ் ஏறுகிறவர்களுக்கு அது நடக்காது. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் மீ சன், சம்பா மன்னர்கள் கட்டிய சிவன் கோயில்களின் இடிபாடுகள் உள்ள இடம். நம் ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க ஆசைப்படும் இடம் பல திட்டங்களில் இருப்பதேயில்லை.

மறைந்திருக்கும் செலவுகள்:

- டிப்ஸ். கைடு, டிரைவருக்கு என்று தலைக்கு ஒரு நாளுக்கு இத்தனை டாலர் என வசூலிப்பது வழக்கம். சின்ன எழுத்தில் இருக்கும். நாலு பேர், ஆறு நாள் என்று பெருக்கிப் பாருங்கள்.
- ட்வின் ஷேரிங். விளம்பர விலை ஒரு அறைக்கு இருவர் என்ற கணக்கில் போட்டது. தனியாக வரும் அத்தைக்குத் தனி அறை என்றால் கூடுதல் கட்டணம்.
- ஆப்ஷனல் டூர். படத்தில் இருக்கும், விலையில் இருக்காது. பா நா மலையின் ரோப்கார் டிக்கெட் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2018இல் திறந்த, இரண்டு பெரிய கைகள் தாங்கிப் பிடிப்பது போன்ற தங்கப் பாலம் அந்த மலையில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் பாதிப் பேர் போகிறார்கள்.
- கடை நிறுத்தங்கள். பட்டு, முத்து, மூங்கில் துணி, காபி. வழியில் ‘ஒரு இருபது நிமிடம்’ என்று நிறுத்துவார்கள். வாங்காவிட்டாலும் வீணாவது உங்கள் நேரம்.
- வேறு ஊரிலிருந்து கிளம்புவது. குழு மும்பையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ புறப்பட்டால் அதுவரை போகும் செலவு யாருடையது?

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ‘தினமும் இந்திய உணவு’ என்றால் இட்லி சாம்பார் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் பனீர், தால், ஜீரா சாதம், நான். மறுநாளும் அதே. தயிர்சாதம் இல்லாமல் தூங்காதவர்கள் ஊறுகாயை மறக்காமல் எடுத்து வைக்கவும்.

## தனிப் பேக்கேஜ்

இதில் பஸ் கூட்டம் இல்லை. உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஏஜென்ட் ஒரு திட்டம் போட்டுத் தருவார். விமானம் இல்லாமல் மற்றதை மட்டும் வாங்கினால் ‘லேண்ட் பேக்கேஜ்’.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மூன்றிலும் அதிகம் விசாரித்து வாங்க வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம். காரணம், சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஏஜென்ட் பெரும்பாலும் நேரடியாக எதையும் நடத்துவதில்லை. வியட்நாமில் இருக்கும் ஒரு உள்ளூர் நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி, தன் லாபத்தைச் சேர்த்துத் தருகிறார். அங்கே கார் வரவில்லை என்றால் நீங்கள் இங்கே இருப்பவரைக் கூப்பிடுவீர்கள், அவர் அங்கே இருப்பவரைக் கூப்பிடுவார். நல்ல ஏஜென்ட் என்றால் பத்து நிமிடத்தில் கார் வந்து நிற்கும். அப்படி இல்லாதவரிடம் மாட்டினால், குரூப் டூரின் துணையும் கிடையாது, சொந்தத் திட்டத்தின் சுதந்திரமும் கிடையாது.

கோட்டேஷன் வந்ததும் இவற்றைப் பாருங்கள்:

ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று இருக்கும். பெயரை உறுதியாக எழுதி வாங்கி, மேப்பில் தேடுங்கள். ஹனோயில் ஹோவன் கியெம் ஏரிக்கு நடக்கும் தூரத்தில் இருக்கும் மூன்று நட்சத்திர ஓட்டல், ஊருக்கு வெளியே இருக்கும் நான்கு நட்சத்திரத்தைவிட மேல்.

போக்குவரத்துக்கு நேரே ‘எஸ்ஐசி’ என்று போட்டிருக்கிறதா, ‘பிரைவேட்’ என்றா? எஸ்ஐசி என்றால் மற்றவர்களோடு ஒரே வண்டியில் ஒரு இருக்கை. ஓட்டல் ஓட்டலாக நின்று ஆள் ஏற்றும். குடும்பத்துக்குத் தனி வண்டி என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் நிறையப் பேர் ஏமாறுவது இந்த மூன்றெழுத்தில்தான்.

பிறகு வரி. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஜிஎஸ்டி தவிர டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலித்துக் கட்டும் வருமான வரி) என்ற ஒரு பிடித்தமும் உண்டு. 2020 அக்டோபரில் வந்தது. அதற்குப் பிறகு விகிதமும் வரம்பும் பலமுறை மாறிவிட்டன, அதனால் பணம் கட்டும் நாளில் நடப்பு விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது வருமான வரிக் கணக்கில் காட்டி ஈடுகட்டிக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பணம் போய்விடாது, ஆனால் மாதக்கணக்கில் முடங்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யாத பெற்றோரின் பான் எண்ணில் பிடித்தால், திரும்ப வாங்குவதற்காகவே அவர்கள் தாக்கல் செய்ய வேண்டிவரும். விமான டிக்கெட் மட்டும் வாங்கினாலோ, ஓட்டல் மட்டும் வாங்கினாலோ அது ‘டூர் பேக்கேஜ்’ ஆகாது. இரண்டையும் ஒருவரிடமே சேர்த்து வாங்கினால் ஆகும். குரூப் டூருக்கும் இதே விதிதான்.

பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். ‘என் ஜிபே நம்பருக்கு அனுப்பிவிடுங்க சார்’ என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். டிக்கெட் போட்டதும் பிஎன்ஆர் எண்ணை வாங்கி, விமான நிறுவனத் தளத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று செய்யலாம். அவர் கொடுத்த திட்டத்தையே எடுத்து, அதே ஓட்டல், அதே தேதி, அதே விமானம் என்று ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து நீங்களே விலை போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தொகைதான் ஏஜென்டின் உழைப்புக்கும் பொறுப்புக்கும் நீங்கள் தரும் விலை. பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் அவரிடமே கொடுத்துவிடலாம், நியாயமான கூலி. நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் கொடுக்க மாட்டேன்.

தேனிலவுக்குப் போகிற ஜோடி, கல்யாண வேலையில் தலைகால் புரியாமல் இருப்பவர்கள், மூன்று தலைமுறையும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பேராகக் கிளம்பும் குடும்பம் ஆகியோருக்குத் தனிப் பேக்கேஜ் பொருந்தும். பன்னிரண்டு பேருக்கு ஒரே வேன், பக்கத்துப் பக்கத்து அறை என்று ஏற்பாடு செய்வதற்கு ஒருவருக்குக் காசு கொடுப்பது வீண் இல்லை.

## நாமே திட்டமிடுவது

பலர் பயப்படும் அளவுக்கு இது கஷ்டமில்லை. யூடியூபில் காட்டும் அளவுக்குச் சுலபமும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசா. வியட்நாம் குடிவரவுத் துறையின் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். தேடினால் அதைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும்; இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்குவார்கள். முகவரி ‘டாட் ஜிஓவி டாட் விஎன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மூன்று வேலை நாள் என்பது கணக்கு. விடுமுறைகள் குறுக்கே வந்தால் தள்ளிப்போகும், அதனால் இரண்டு மூன்று வாரம் முன்பே போட்டுவிடுவது நிம்மதி. நுழையும் தேதி என்று நீங்கள் எழுதும் நாளுக்கு முன் உள்ளே விடமாட்டார்கள். நள்ளிரவை ஒட்டி இறங்கும் விமானம் என்றால் இதைக் கவனியுங்கள்.

நடுவில் கம்போடியா போய் அங்கோர் வாட் பார்த்துவிட்டு மறுபடி வியட்நாம் வழியாகத் திரும்புவதாக இருந்தால் பலமுறை நுழையும் விசா வேண்டும். இங்கே 25 டாலர் மிச்சம் பிடித்தால் அங்கே எல்லையில் நிற்க வேண்டியதுதான்.

பெயர். இது நம்மவர்களுக்கென்றே இருக்கும் சிக்கல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக, முழுப் பெயரும் கிவன் நேமில் இருப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். டிக்கெட் தளமோ கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. ஒரு விமான நிறுவனம் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். இன்னொன்று முதல் கட்டத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் படித்துவிட்டுப் போடுங்கள். அப்பா பெயரைக் கொண்டுவந்து நுழைப்பது, இனிஷியலை விரித்து எழுதுவது போன்ற சொந்த முயற்சி எதுவும் வேண்டாம். துபாய் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவதற்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு விதித்தது. ஏஜென்டிடம் போனால் இந்த ஒரு தலைவலி நிச்சயம் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விமானம். மலிவு விமானங்களில் கையில் எடுத்துப்போக ஏழு கிலோ. பெட்டிக்குத் தனிக் காசு. அதை டிக்கெட்டோடு சேர்த்து வாங்கினால் ஒரு விலை, விமான நிலையத்தில் போய் வாங்கினால் வேறு விலை.

மறைந்திருக்கும் பெரிய ஆபத்து, இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்துப் போவது. சென்னையிலிருந்து பாங்காக், அங்கிருந்து வேறு நிறுவனத்தில் ஹனோய் என்று போட்டால் மலிவாக வரும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் அம்போ. யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்குக் குடிவரவு தாண்ட வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா விதி பொருந்த வேண்டும். போதாதற்கு பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள். டான் முவாங்கில் இறங்கி சுவர்ணபூமியில் ஏற வேண்டியிருந்தால் நகரத்தைக் கடந்து போக வேண்டும். கோலாலம்பூரிலும் இரண்டு முனையங்கள் உண்டு, ஆனால் ரயிலில் சில நிமிடம்தான். முதியவர்கள் கூட வந்தால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். வீல்சேர் உதவி வேண்டுமா என்று டிக்கெட் போடும்போதே குறித்துவிடலாம்.

பணம். வியட்நாம் நாணயம் டாங். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். இத்தனை சுழியங்களைப் பார்த்து முதல் நாள் தலை சுற்றும். 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் நீல நிறம். இளநீருக்கு எழுபது ரூபாய் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஆயிரத்து எழுநூறு ரூபாயை நீட்டிவிடக் கூடாது. பெரிய தாள்களைப் பர்ஸில் தனி அறையில் வைப்பது நல்லது.

கார்டில் செலவழித்தால் பல கிரெடிட் கார்டுகளில் 3.5 சதவீதம் வரை மார்க்கப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி சேர்க்கும் கட்டணம்), அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் தேய்த்தால் 4,130 ரூபாய் கூடுதலாகப் போகும். சொந்தத் திட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத செலவு இதுதான். மார்க்கப் இல்லாத கார்டுகளும் உண்டு. போகும் முன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடையில் இயந்திரம் ரூபாயா டாங்கா என்று கேட்டால் டாங் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் முன்பே திறந்துவைக்க வேண்டும். ஓடிபி வரும் இந்திய சிம்மில் ரோமிங் இயங்குகிறதா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

ஊருக்குள் போக்குவரத்து. ஓலா, ஊபர் மாதிரி வண்டி கூப்பிடும் கிராப் ஆப் இருந்தால் பேரம் பேசும் வேலையே இல்லை. ஹோய் ஆனில் விமான நிலையமோ ரயில் நிலையமோ கிடையாது. டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் காரில் போக வேண்டும். நேரம் இருப்பவர்கள் வடக்கே இருக்கும் ஹுவே நகரிலிருந்து டா நாங்குக்கு ரயிலில் வரலாம். ஹாய் வான் கணவாயில் ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலுமாக மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணம். இதை எந்தக் குரூப் டூரும் தருவதாக நான் பார்த்ததில்லை.

சாப்பாடு. மீன் சாறு இல்லாத சமையல் அங்கே அபூர்வம். காய்கறிச் சூப் என்பார்கள், அதிலும் ஒரு கரண்டி போயிருக்கும். ஆனால் ‘சாய்’ என்ற பலகை தொங்கும் பௌத்த சைவக் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கேயும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுகிறார்கள்; அந்த நாட்களில் தெருக்கடைகளிலும் சைவம் கிடைக்கும். ஹோ சி மின் நகரின் நடுவே, பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், அந்தக் காலத்தில் போய்க் குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள்தான். ஒரு காலை அங்கே போய் உட்கார்ந்திருக்கச் சொந்தத் திட்டத்தில் இடமுண்டு.

கோளாறு. புயல் எச்சரிக்கை வந்தால் ஹாலாங்கில் படகுகளை விடமாட்டார்கள். படகு நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரலாம்; ஆனால் அந்த நாளை என்ன செய்வது, அன்று ராத்திரி எங்கே தங்குவது என்பதை நீங்கள்தான் நின்று பார்க்க வேண்டும். அதனால் ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் போடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுதாத நோய்க்குப் பணம் வராது.

## ஒரு பார்வையில்

| | குரூப் டூர் | தனிப் பேக்கேஜ் | நாமே |
|---|---|---|---|
| சொன்ன விலைக்கு மேல் போவது | டிப்ஸ், ஆப்ஷனல் டூர், தனி அறை, டிசிஎஸ் | டிசிஎஸ், சேர்க்காத டிக்கெட்டுகள் | கார்டு மார்க்கப், பெட்டிக் காசு |
| கிளம்பும் முன் வேலை | பாஸ்போர்ட் கொடுத்தால் போதும் | கோட்டேஷனை வரிவரியாகப் படிக்க வேண்டும் | பல ராத்திரிகள் |
| வேகம் | பஸ்ஸின் வேகம் | பேசி வாங்குவதைப் பொறுத்தது | உங்கள் இஷ்டம் |
| சைவச் சாப்பாடு | நிச்சயம், ஆனால் ஒரே மாதிரி | கேட்டு வாங்கினால் உண்டு | தேடினால் நன்றாகவே கிடைக்கும் |
| கோளாறு வந்தால் | டூர் மேனேஜர் பக்கத்திலேயே | போனில் ஏஜென்ட் | நீங்களும் காப்பீடும் |

## பாதியை நாமே போட்டு, மீதியை விலைக்கு வாங்குவது

மேலே சொன்ன நாலு பேர் குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான். விமானம், விசா, ஓட்டல் மூன்றையும் நீங்களே போடுங்கள். தூரமாகப் போய்வரும் நாட்களுக்கு மட்டும் அங்கேயே ஒரு நாள் டூர் வாங்கிக்கொள்ளுங்கள். ஹாலாங் படகு, கூ ச்சீ, மெக்காங் டெல்டா ஆகியவை எல்லாருமே அப்படித்தான் போகிறார்கள். ஓட்டலில் வந்து ஏற்றி, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவிடுவார்கள். ஹனோய், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரங்களுக்குள் கைடு தேவையே இல்லை.

ஆறு நாளில் வடக்கு (ஹனோய், ஹாலாங்), நடுப்பகுதி (டா நாங், ஹோய் ஆன்), தெற்கு (ஹோ சி மின் நகர்) என்று மூன்று பகுதிகளையும் முடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். வடக்கும் நடுப்பகுதியும், அல்லது நடுப்பகுதியும் தெற்கும். ஒரு உள்நாட்டு விமானம் குறையும், ஹோய் ஆனில் இரண்டு இரவு சேரும். திருச்சியிலிருந்து நேரடியாகப் போகிறவர்களுக்குத் தெற்கும் நடுப்பகுதியும்தான் வசதி.

## வேறு நாடு என்றால்

தாய்லாந்து, மலேசியா, இலங்கை, பாலி எல்லாம் வியட்நாம் கணக்குதான்; முதல்முறை சொந்தமாகத் திட்டமிடுகிறவர்கள் இவற்றில் ஒன்றில் ஆரம்பிக்கலாம். சிங்கப்பூருக்கு விசாவைப் பெரும்பாலும் அங்கீகரித்த ஏஜென்ட் மூலமாகத்தான் போட வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் அவருக்குக் காசு கொடுத்துவிட்டு மற்றதை நீங்கள் பார்க்கலாம். அவர் கூடவே பேக்கேஜையும் விற்கப் பார்ப்பார், சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

ஐரோப்பாவில் கதை மாறுகிறது. அங்கே பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, அதிக இரவு தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பம், நாள்வாரித் திட்டம், வங்கிக் கணக்கு விவரம். மறுத்துவிட்டால் கட்டணம் திரும்பாது. ஏஜென்ட் மூலம் போட்டால் விசா நிச்சயம் என்பது கட்டுக்கதை. கைரேகை கொடுக்க நீங்கள்தான் போய் நிற்க வேண்டும், முடிவெடுப்பது தூதரகம். இருந்தாலும் பத்து நாளில் ஐந்து நாடு பார்க்க வேண்டும், கூடவே வயதானவர்கள் என்றால் அங்கே குரூப் டூர் கொடுக்கும் காசுக்கு நியாயம் செய்கிறது. ஒரே நாட்டில் பத்து நாள் என்றால் சொந்தத் திட்டம். ஜப்பானும் அப்படித்தான், ரயில் நேரத்துக்கு ஓடும் ஊரில் பஸ்ஸில் அடைந்து கிடப்பது வீண். ஆனால் நாடு முழுவதற்குமான ஏழு நாள் ரயில் பாஸான ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காமல், தனித்தனி டிக்கெட் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

## தேதி போடும் முன்

எந்த வழியில் போனாலும் இவை பொது. ஏப்ரல் 30, மே 1 இரண்டும் வியட்நாமில் தேசிய விடுமுறை. கடற்கரை ஓட்டல்கள் நிரம்பி வழியும். நம் பள்ளி விடுமுறைக்குப் போகிறவர்கள் மே முதல் வாரம் கழித்துப் போனால் நல்லது, அப்போது டா நாங் பக்கம் வெயில்தான், மழை இல்லை. ஜனவரி பிற்பகுதி முதல் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் வரும் வியட்நாமியரின் டெட் புத்தாண்டில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் வருவது வாடிக்கை. அந்த மாதங்களில் பேக்கேஜ் விலை ஏன் இறங்குகிறது என்பது இப்போது புரியும். டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் ஹனோய்க்கு ஸ்வெட்டர் வேண்டும்.

இன்று ராத்திரியே பீரோவிலிருந்து நாலு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறைவாக ஏதாவது ஒன்று இருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்கக் கொடுங்கள். டிக்கெட், விசா எல்லாம் புது எண் வந்த பிறகு.